ஏலக்காரம்மா மெதுவாகப் பேசக் கற்றது

எங்கள் ஊரின் சந்தைக்குப் பின்னால் பழைய சாமான்களை ஏலம் விடும் கூடம் ஒன்று இருக்கிறது. கூடம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தாலும் அது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான். வீடு மாற்றுகிறவர்கள், கடையை மூடுகிறவர்கள், அலுவலகத்துக்குப் புது மேசை வாங்கியவர்கள் தங்கள் பழைய சாமான்களைக் கொண்டுவந்து அங்கே இறக்குவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் ஏலம் நடக்கும். இருபத்திரண்டு வருடம் அங்கே ஏலம் கூறியவரை ஊரில் எல்லோரும் ஏலக்காரம்மா என்றே அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டுக்காரர்கூடப் பத்திரங்களில் மட்டும்தான் எழுதியிருப்பார்.

தொழில் அவருடைய அப்பாவுடையது. அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போய், மரப்பெட்டி மேல் ஏறி நிற்க முடியாமல் போன நாளில் மகள் ஏறினார். மகன் சிறியவன், மேலும் அவனுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கொட்டகையின் கடைசியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கும் கேட்கும்படி பேசுவார்.

அங்கே ஒலிபெருக்கி வைத்ததே இல்லை. மைக் வைத்தால் கூட்டம் தள்ளி நிற்கும், தள்ளி நிற்கிறவர்கள் கை தூக்க மாட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. மகளும் அதையே பிடித்துக்கொண்டார். தொண்டையைக் கொடுத்தால்தான் கூட்டம் நெருங்கி வரும்.

அவர் ஏலம் விடும் முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஒரு தரம்" என்பார். "ரெண்டு தரம்" என்பார். மூன்றாவது தரம் சொல்வதற்கு முன்னால் வாயை மூடிக்கொள்வார். அந்த இடைவெளியில் கூடத்து ஆட்கள் சாமானைச் சுற்றிக் காட்டுவார்கள். மேசை என்றால் இழுப்பறைகளை இழுத்து மூடுவார்கள். தையல் இயந்திரம் என்றால் சக்கரத்தை ஓட்டுவார்கள். நாற்காலி என்றால் ஒருவர் அதில் உட்கார்ந்து எழுந்திருப்பார். வாங்கலாமா வேண்டாமா என்று மனசுக்குள் மல்லுக்கட்டுகிறவர் அந்த நேரத்தில்தான் கை தூக்குவார். அதுவரை எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறவர்தான் பெரும்பாலும் அவர். அவசரப்பட்டு மூன்றாம் தரத்தைச் சொல்லிவிட்டால் அந்தக் கை சட்டைப் பையிலேயே கிடக்கும்.

ஒருநாள் காலை, ஒரு பெரிய அலமாரிக்கு விலை கூறிக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் காற்றுப் போன பந்துபோலச் சப்பையாகிவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்தில் ஒருவர், ஏலக்காரம்மா இன்னைக்கு ரகசிய ஏலம் விடுறாங்கப்பா என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை.

தொண்டை மருத்துவர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் காய்ப்பு விழுந்து முடிச்சுமுடிச்சாக இருக்கிறது, கத்துவதை நிறுத்தினால் தானாகவே சுருங்க வாய்ப்பு உண்டு, நிறுத்தாவிட்டால் குரலே மிஞ்சாது என்றார். பேசவே கூடாதா என்று ஏலக்காரம்மா ஒரு தாளில் எழுதிக் கேட்டார். பேசலாம், கத்தாமல், நடுநடுவே ஓய்வு கொடுத்துப் பேசலாம், அப்படிப்பட்ட வேலை ஏதாவது இருந்தால் பாருங்கள் என்றார் மருத்துவர். அப்படியும் ஒரு வேலை உண்டா என்று அடுத்த வரியில் எழுதினார் இவர். "என் வேலை இருக்கே" என்றார் மருத்துவர்.

வீட்டில் ஒரு மாதம் பேச்சில்லை. வீட்டுக்காரர் சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி, சாது மனிதர். மனைவி பேசாமல் சைகை காட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் மைத்துனனிடம் சொன்னாராம்: "திட்டினாக்கூட பரவாயில்லடா மாப்ள. இவ சும்மா பாக்குறது இருக்கே, அதுதான் பயமா இருக்கு."

அந்த ஒரு மாதத்தில் ஏலக்காரம்மா ஒரு முடிவுக்கு வந்தார். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறை என்று ஒன்று இருக்கிறது. மேடைப் பேச்சு, பத்திரிகை, வானொலி, காட்சி ஊடகம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்தில் ஒரு வருடப் பட்டய வகுப்பும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். அதில் சேரப் போவதாகச் சொன்னபோது தம்பி நம்பவில்லை.

"ஊரே உன் பேச்சுக்குக் காதைப் பொத்திக்கிட்டு நிக்குது. நீ காசு கட்டிப் பேசக் கத்துக்கப் போறியாக்கா?"

"பேசத் தெரியும்டா. மெதுவாப் பேசத் தெரியாது. அதைத்தான் கத்துக்கப் போறேன்."

தம்பியின் கவலையிலும் நியாயம் இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் அந்தக் கூடம்தான் சோறு. மரப்பெட்டி மேல் இப்போது அவர்தான் ஏறி நின்றார். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். சாமான்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. கொண்டுவந்து இறக்குகிறவர்கள் வேறு கூடம் தேட ஆரம்பித்தார்கள். அக்காவும் தம்பியும் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வகுப்பு முடியும்வரை தம்பி சமாளிப்பார். அதற்குள் அக்காவுக்குக் குரலால் செய்யும் வேறு வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் தொண்டை என்னவானாலும் திரும்பி வந்து பெட்டி மேல் ஏற வேண்டும். ஏலக்காரம்மா வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர் என்பது தம்பிக்குத் தெரியும்.

துறையின் வானொலி நிலையத்தில் ஒலிபரப்புப் பதிவேடு எழுதும் வேலை அப்போது என்னுடையது. அதனால் நிலையத்துக்குள் நடந்தவற்றை நேரில் பார்த்தேன். மற்றவை அவரும் அவருடைய தம்பியும் துறையின் ஆசிரியரும் சொன்னவை.

முதல் பருவத்தில் மேடைப் பேச்சு. பாடம் நடத்திய ஆசிரியர் ஏலக்காரம்மாவைவிடப் பத்து வயது இளையவர். முதல் வகுப்பில் பலகையில் ஒரு படம் வரைந்தார். பேசுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் மறுபக்கம். நடுவே ஒரு கோடு. கேட்கிறவரிடமிருந்து பேசுகிறவருக்குத் திரும்பி வரும் இன்னொரு கோடு. இந்தத் திரும்பி வரும் கோட்டுக்கு உதாரணம் சொல்லுங்கள் என்றார். ஏலக்காரம்மா, "கை தூக்குறது சார்" என்றார். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வருடம் முழுக்க இந்த உதாரணத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் மேடையேறிப் பேசிய முதல் பேச்சை மாணவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தலைப்பு, குடிநீரைச் சேமிப்பது. நன்றாகத்தான் பேசிக்கொண்டு போனார். நடுவில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் தலையைச் சொறியக் கையைத் தூக்கினான். ஏலக்காரம்மாவின் விரல் தானாக நீண்டது.

"பின்னாடி நீலச் சட்டை, ஒரு தரம்!"

வகுப்பே உருண்டு சிரித்தது. நீலச் சட்டைக்காரன் எழுந்து, என்ன வாங்கினேன் என்று சொல்லுங்கக்கா, வீட்டில் கேட்பார்கள் என்றான். அன்றிலிருந்து வகுப்பில் யாரும் அவர் பேசும்போது தலையைச் சொறிவதில்லை.

ஆசிரியர் சிரித்து முடித்துவிட்டு ஒரு வழி சொன்னார். மேடைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டார். அதில் ஒரு மாணவி உட்கார்ந்தாள். இவளுக்கு மட்டும் சொல்லுங்கள், மற்றவர்கள் ஒட்டுக் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். ஏலக்காரம்மா முந்நூறு பேருக்குக் கொடுத்த குரலை ஒரு ஆளுக்குத் தகுந்த மாதிரி குறைக்கப் பழகினார். ஒரே நாளில் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த மாணவி முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். பருவத் தேர்வு நடந்தபோது பஞ்சு தேவைப்படவில்லை. மேடைப் பேச்சில் அவர்தான் முதல்.

இரண்டாம் பருவத்தில் வானொலி. இந்தப் பருவத்தில்தான் அவருடைய தலைவிதி இருந்தது. கடைசித் தேர்வு ஒரு மணி நேர நேரடி ஒலிபரப்பு. ஊர் முழுக்கக் கேட்கும். வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். நிலையத்தின் பிற்பகல் நிகழ்ச்சியை நடத்திவந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். தேர்வில் தேறுகிறவர்களில் ஒருவரை அந்த இடத்துக்குச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்வதாகத் துறை அறிவித்திருந்தது. கத்தாமல், நடுநடுவே ஓய்வு கொடுத்துப் பேசுகிற வேலை. ஏலக்காரம்மா அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

எங்கள் ஒலிப்பதிவு அறை சிறியது. சுவர்களில் பள்ளமும் மேடுமாகச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகைகள். இரட்டைக் கதவு. மேசை, ஒலிவாங்கி, அசைந்தால் முனகுகிற ஒரு நாற்காலி. கனமான கண்ணாடிக்கு மறுபக்கம் கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் பலகையில், முதல் பருவத்தில் நாற்காலியில் உட்கார்ந்த அதே மாணவி உட்கார்ந்திருந்தாள். ஏலக்காரம்மா உள்ளே போய் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். எதிரே யாரும் இல்லை. வணக்கம் சொன்னார். ஒலியளவு முள் ஒரே பாய்ச்சலில் சிவப்பைத் தொட்டது. மாணவி காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அக்கா, அந்த மைக்கை என் காதுன்னு நினைச்சுக்கோங்க. ஏற்கெனவே போன பருவத்துல பாதி போயிடுச்சு."

அதை அவர் சீக்கிரம் சரிசெய்துகொண்டார். சரிசெய்ய முடியாத சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

நேரடி ஒலிபரப்பு நடக்கும் நிலையங்களில் ஒரு காவல் கருவி உண்டு. பத்து விநாடிக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லாவிட்டால், ஏதோ பழுதாகிவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது விநாடியில் மஞ்சள் விளக்கு எரியும். பத்தாவதில் சிவப்பு விளக்கு எரியும்; கருவி தானாகவே ஒலிபரப்பைப் பிடுங்கி, முன்பே பதிந்துவைத்த புல்லாங்குழல் இசையைப் போட்டுவிடும். மாணவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாது என்பது காரணம்.

முதல் பயிற்சி ஒலிபரப்பில் ஏலக்காரம்மா நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து மாணவி கையை ஆட்டினாள். அதை அவர் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். சிவப்பு எரிந்தது. புல்லாங்குழல் கிளம்பியது. "யாருப்பா அது, நான் பேசிட்டிருக்கும்போது ஊதுறது?" என்று அதட்டிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார். இசை ஓடிக்கொண்டிருந்ததால் அந்த அதட்டலும் அதற்குப் பிறகு அவர் சொன்ன அருமையான விஷயங்களும் ஊருக்குக் கேட்கவில்லை. எங்கள் ஐந்து பேருக்கு மட்டும்தான் கேட்டன.

அடுத்த பயிற்சிக்கு அவர் இடைவெளியே விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தார். மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் பேசினார். விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் பாதி நேரம் போவதற்குள் குரலில் பிசிறு விழுந்தது; முடியும்போது அந்தப் பழைய சப்பைக் குரல் எட்டிப் பார்த்தது. மருத்துவர் சொன்ன இரண்டாவது விதியை அவர் மீறியிருந்தார். இடைவெளி விட்டால் கருவி பிடுங்கிக்கொள்கிறது. விடாவிட்டால் தொண்டை போகிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

ஆசிரியர் நல்ல மனிதர். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கருவியை அணைத்துவைக்கலாம், தேர்வாளரிடம் காரணத்தைச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஏலக்காரம்மா வெந்நீரைக் குடித்துக்கொண்டே கேட்டார். குரல் கரகரத்தாலும் பேச்சில் தளர்ச்சி இல்லை.

"வேலை கிடைச்சா தினமும் அணைச்சு வைப்பீங்களா சார்?"

"அது முடியாதுங்கம்மா."

"அப்போ தேர்வுக்கும் வேண்டாம். மாமியாரோடதான் குடும்பம் நடத்தணும்னா முதல் நாள்லேருந்தே நடத்திப் பழகிடுறேன்."

ஆசிரியர் சிரித்தார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. "நீங்க சும்மா இருக்கலாம்மா. அது தப்பே இல்லை. ஒலிபரப்புதான் சும்மா இருக்கக் கூடாது" என்றார். ஏலக்காரம்மா குவளையைக் கீழே வைத்துவிட்டு, அதைத் திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். இரண்டும் ஒன்றுதானே என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம்.

அதே வாரத்தில் தம்பி அவரைத் தேடி வந்தார். மூடப்போகும் ஒரு விடுதியின் சாமான்கள் மொத்தமாகக் கூடத்துக்கு வருகின்றன. இதில் சரியான விலை போகாவிட்டால் இனி யாரும் சாமான் இறக்க மாட்டார்கள். ஒரே ஒரு நாள், ஒரு காலை மட்டும் பெட்டி மேல் ஏறிவிட்டுப் போக்கா என்றார். ஏலக்காரம்மா கூடத்துக்கு வர ஒப்புக்கொண்டார். பெட்டி மேல் ஏற ஒப்புக்கொள்ளவில்லை.

"நீயே ஏறு. நான் எதிர்ல நிக்கிறேன். என் கையைப் பார்த்துக்கோ. கை கீழ இறங்குற வரைக்கும் மூணாவது தரம் சொல்லாதே."

"அதுவரைக்கும் நான் என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. அதுதான் வேலை."

தம்பி ஏறினார். முதல் சாமான் விடுதியின் தையல் அறையிலிருந்து வந்த இயந்திரம். ஒரு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். அக்காவின் உள்ளங்கை உயர்ந்தது. தம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. கூடத்து ஆள் இயந்திரத்தைச் சுற்றிக் காட்டினார், சக்கரத்தை ஓட்டினார். தடதடவென்று எண்ணெய் போட்ட சக்கரத்தின் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. கூட்டத்தின் ஓரத்தில், வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருவர் திரும்பினார். அவர் நின்ற இடத்திலிருந்து இயந்திரம் தெரியாது; முன்னால் ஆட்கள். சத்தத்தைக் கேட்டே கை தூக்கினார்.

ஏலக்காரம்மா கையை இறக்க மறந்துவிட்டார். தம்பி பெட்டி மேல் நின்று தவித்ததையும், கூட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்ததையும் தம்பி சொல்லிக் கேட்க வேண்டும். "கையை இறக்குக்கா, வாய் வலிக்குது" என்று கடைசியில் மேலிருந்தே கத்தினாராம். அன்று விடுதிச் சாமான்கள் நல்ல விலைக்குப் போயின. அடுத்த ஏலத்துக்கு அக்கா போகவில்லை. தம்பி எதிரே ஒரு தூணை அக்காவாக நினைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழகிவிட்டார்.

விடுதி ஏலத்துக்கு மறுநாள் மாலை ஏலக்காரம்மா வகுப்புக்கு வந்ததும் ஆசிரியரிடம் தன் தேர்வு நிகழ்ச்சியின் தலைப்பைக் கொடுத்தார். 'இருக்கிறது, வேண்டும்.' வீட்டில் பயன்படாமல் இருக்கும் சாமானைக் கொடுக்க நினைப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். தேவைப்படுகிறவர்கள் கூப்பிட்டுக் கேட்கலாம். விலை கிடையாது. இதுவரை யாரும் செய்யாத நிகழ்ச்சி ஒன்றுமில்லை. ஆசிரியரும் அப்படித்தான் நினைத்தார்.

தேர்வு பிற்பகலில் நடந்தது. தேர்வாளர் நரைத்த தலையும் பெரிய கைப்பையுமாக வந்த ஒரு அம்மையார். பல காலம் வானொலியில் வேலை பார்த்தவர். கட்டுப்பாட்டு அறையில் மாணவிக்குப் பின்னால் உட்கார்ந்தார். காவல் கருவி இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டார். ஆசிரியர், இருக்கிறது என்றார்.

முதலில் கூப்பிட்டவர் வேறொரு தையல்காரர். கண் மங்கிவிட்டதால் தொழிலை விட்டுவிட்டார். இயந்திரத்தை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றார். ஏலக்காரம்மா அதன் வயதையும் நிலைமையையும் கேட்டுவிட்டு, "ஒரு உதவி பண்ணுங்கய்யா. போனை அது பக்கத்துல வெச்சு, சக்கரத்தைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்றார். அவர் ஓட்டினார். ஏலக்காரம்மா ஒலிவாங்கியிலிருந்து பின்னால் சாய்ந்து, வெந்நீரை எடுத்து நிதானமாகக் குடித்தார். ஊர் முழுக்க அந்தச் சக்கரம் ஓடியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஆசிரியர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தேர்வாளர் எதையோ எழுதினார். சக்கரம் நிற்பதற்குள் இரண்டு பேர் அதைக் கேட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. மணி அடித்துக் காட்டினார்கள். ஒரு குழந்தைச் சைக்கிள் வந்தது. மணி போதாது, பெடலையும் சுற்றிக் காட்டச் சொன்னார். ஒரு சாய்வு நாற்காலியின் முனகலைக் கேட்டு, என் நாற்காலியும் இப்படித்தான் முனகும் என்று உட்கார்ந்த இடத்திலேயே அசைத்துக் காட்டினார். ஒவ்வொரு சாமானும் பேசும்போது அவர் சும்மா இருந்தார். முக்கால் மணி நேரம் போயும் குரல் துவைத்து உலர்த்திய துணிபோல இருந்தது.

கடைசியாக ஒரு பெண்மணி கூப்பிட்டார். வீடு மாறுகிறார். ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. புது வீட்டின் அறை வாசலில் அது நுழையாது. யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கெல்லாம் அதே எண்ணம்தான். கண்ணாடி என்ன சத்தம் போடும்? ஏலக்காரம்மாவும் ஒரு கணம் யோசித்தார்.

"அது முன்னாடி போய் நில்லுங்கம்மா. கடைசியா ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க, குடுத்துடலாமான்னு."

செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தது. மாணவியின் கை பலகை மேல் போய் நின்றது. ஆசிரியர் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்று, பேசுங்கள் என்று விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். ஏலக்காரம்மா அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளங்கையை உயர்த்தினார். தம்பிக்குக் காட்டிய அதே கை. ஒரு சொல் சொல்லியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும். அவர் சொல்லவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் நேரத்தை எழுதத் தயாரானேன். சிவப்பு விளக்குக்கு ஒரு விநாடி இருந்தால் அதிகம்.

"ஏங்க" என்றது தொலைபேசிக் குரல். மஞ்சள் அணைந்தது. "இதைக் குடுக்க வேண்டாம்னு தோணுதுங்க."

"ஏம்மா?"

"தினமும் இதுல ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வெளிய கிளம்புவேன். இது ஒண்ணும் பெரிய கண்ணாடி இல்லங்க. அந்த வாசல்தான் சின்னது."

ஏலக்காரம்மா சிரித்தார். இந்தத் தடவை சத்தம் வந்தது. "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். மாணவி இந்த முறை கையை நீட்டவில்லை. "மூணு தரம். கண்ணாடி வீட்டுக்காரம்மாவுக்கே."

நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது இன்னொரு அழைப்பு வந்தது. ஒரு தச்சர். எந்தத் தெரு, எந்த வீடு என்று சொன்னால் வாசலைப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார்.

தேர்வாளர் ஏலக்காரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மஞ்சள் எரிந்தபோது ஏன் பேசவில்லை என்றார்.

"அந்தம்மா கை தூக்கப் போறாங்கன்னு தெரிஞ்சது மேடம்."

"பாக்க முடியாதே உங்களால."

"மூச்சு மாறிச்சு."

தேர்வாளர் கைப்பையை மூடினார். அடுத்த நேரடி ஒலிபரப்பு எப்போது, எத்தனை மணிக்கு என்று போகும்போது ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அன்றைய பதிவேட்டில் புல்லாங்குழல் இசை பற்றிய குறிப்பு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

வேலைக்கான கடிதம் வந்த அன்று தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். மரப்பெட்டி இனி உனக்குத்தான் என்றார் அக்கா. பெட்டியின் ஒரு பலகை ஆடுகிறது, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன் என்றார் தம்பி. வீட்டுக்காரர் மட்டும், நிலையத்தில் அளவாகப் பேசி மிச்சம் பிடிக்கும் பேச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து தன் தலையில் கொட்டுவாளோ என்று கவலைப்பட்டதாகக் கேள்வி.

சில மாதங்கள் கழித்துத் தொண்டை மருத்துவர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். முடிச்சுகள் பெரும்பாலும் சுருங்கியிருந்தன. இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற நோயாளியைப் பார்த்ததில்லை, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஏலக்காரம்மா இந்த முறை தாளில் எழுதவில்லை.

"சும்மா இருக்கேன் டாக்டர். சம்பளத்தோட."